பல்லைப் பிடித்துப் பார்த்த கதை

சந்தையில் மாடு வாங்கப் போகிறவன் கொம்பைப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான், கடைசியில் வாயைப் பிளந்து பல்லை எண்ணிப் பார்ப்பான். ஆனால் தானமாக வந்த மாட்டை மட்டும் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. எனக்குத் தானமாக வந்தது மாடு அல்ல, மோட்டார் சைக்கிள். அதன் பல்லை நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணியதோடு நிற்காமல் இரண்டு பல்லைக் கூட்டியும் வைத்தேன். அதனால் நான் பட்ட பாட்டையும், அந்தப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் பழைய சரித்திரத்தையும் வாசகர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன்.

வண்டி என் தகப்பனாருடையது. 1964-ஆம் வருஷத்து என்ஃபீல்ட் புல்லட். சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் பிறந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்கு ஒரு சிறு மளிகைக் கடை. வாரத்தில் இரண்டு நாள் பின் இருக்கையில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு, ஏற்காட்டு மலையில் உள்ள தோட்டங்களுக்குப் போய் வருவார். 1998-இல் அவர் காலமானார். கடை கைமாறிற்று, வண்டி என்னிடம் வந்தது.

நானோ சென்னைவாசி. மூட்டை தூக்குகிற தொழில் இல்லை. பேனா தூக்குகிற தொழில். சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே இருக்கும் சுமார் 340 கிலோமீட்டர் சாலையில் அந்த வண்டியில் போய் வர வேண்டும் என்பது என் ஆசை. போனேன். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியதும் எஞ்சின், ஓட்டப் பந்தயத்தில் இழுத்துவிடப்பட்ட பெரிய மனிதரைப் போல, மூச்சு வாங்கத் தொடங்கியது. நாலாவது கியருக்கு மேல் இன்னொரு கியர் இருக்கக் கூடாதா என்று காலும் மனசும் தேடின.

சேலத்தில் அப்பா காலத்திலிருந்து அந்த வண்டியைப் பார்த்து வந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"முன் ஸ்ப்ராக்கெட்டிலே பதினாறு பல்லுதான் தம்பி. பின்னாலே முப்பத்தெட்டு. அதான் கத்துது," என்றார்.

"கூட்டிப் போடலாமாண்ணே?"

"பதினேழு போடலாம், பதினெட்டும் போடலாம். ஆனா வேணாமுங்க தம்பி. அப்பா ஓட்டின வண்டி, அப்படியே இருக்கட்டும்."

"அப்பா மூட்டை கட்டினாருண்ணே. நான் என்னத்தைக் கட்டப் போறேன்? பதினெட்டே போடுங்க."

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

புல்லட்டில் இந்தச் சின்னப் பல்சக்கரம் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இடப்பக்க மூடியைத் திறந்து, எண்ணெயை வடித்து, கிளட்சைப் பிரித்து, உள் மூடியையும் கழற்றிய பிறகுதான் கண்ணில் படும். அரை நாள் வேலை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. உள்ளங்கை அகலமுள்ள ஓர் இரும்பு வட்டத்தில் பல்லைக் கூட்டினால் ஓட்டம் ஒரு விதம், குறைத்தால் இன்னொரு விதம் என்பதை முதலில் கண்டவர்கள் யார்? ஊருக்குத் திரும்பியதும் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். அந்தக் கதை மோட்டார் பிறப்பதற்கு முன்பே ஆரம்பமாகிறது.

1870-களில் இங்கிலாந்தில் ஓடிய சைக்கிளின் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் ஆளின் மார்பு உயரம். பின்சக்கரம் ஒரு சாண். மிதி நேராக முன்சக்கரத்தின் அச்சிலேயே இருந்தது. ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்று. ஆகவே வேகம் வேண்டுமானால் பெரிய சக்கரம் வேண்டும். பெரிய சக்கரத்தை மிதிக்க நீண்ட கால் வேண்டும். நெட்டையன் வேகமாகப் போவான், குட்டையன் பின்னால் வருவான். அவரவர் கியரை அவரவர் பிறவியிலேயே பிரம்மா எழுதி அனுப்பிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த எழுத்தை அழித்தது சங்கிலி. ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் குடியேறிய ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் நூற்பு ஆலை இயந்திரங்களுக்குச் சங்கிலி செய்து கொடுத்துவந்தார். 1880-இல் அவர் ஒரு புதுச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணிகளைக் கோக்கும் ஆணியைச் சுற்றி ஒரு குழல். குழலைச் சுற்றி உருளும் ஓர் உருளை. தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பரவியது. சங்கிலி நெடுநாள் உழைத்தது. இன்றைக்கும் நம் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஓடுவது அந்தக் குலத்துச் சங்கிலிதான். 1885-இல் காவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, "ரோவர்" என்ற சைக்கிளில் மிதியைச் சக்கரத்திலிருந்து பிரித்து நடுவில் வைத்து, சங்கிலியால் பின்சக்கரத்தோடு இணைத்தார். சக்கரங்கள் இரண்டும் ஏறக்குறைய ஓரளவாயின. குட்டையனுக்கும் விமோசனம் கிடைத்தது.

இங்கே ஒரு சிறு கணக்கு. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மளிகைக் கடைக் கணக்குத்தான். முன்னால் 48 பல், பின்னால் 18 பல், சக்கரம் 27 அங்குலம் என்றால், 48-ஐ 18-ஆல் வகுத்து 27-ஆல் பெருக்க வேண்டும். 72 வரும். அதாவது அந்தச் சின்னச் சைக்கிள் 72 அங்குல விட்டமுள்ள பழைய ராட்சதச் சக்கரத்தைப் போல ஓடும். ஆங்கிலேயர் சைக்கிளின் கியரை இன்றும் இப்படி அங்குலத்தில் சொல்லும் வழக்கம் உண்டு. ராட்சதச் சக்கரம் செத்துப் போயிற்று. அதன் ஆவி கணக்கில் குடியிருக்கிறது.

மோட்டார் சைக்கிள் வந்தபோது இந்தப் பாடத்தைத் திரும்பவும் முதல் வகுப்பிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. ஆரம்பகால வண்டிகள் பலவற்றில் எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல் பெல்ட். ஒரே ஒரு கியர். சமவெளியில் ஜோராக ஓடும். மேடு வந்தால் முனகும். அதற்காகவே மிதி வைத்திருந்தார்கள். மனிதன் மிதிக்க, எஞ்சின் இழுக்க, இருவருமாகச் சேர்ந்து ஒரு வழியாக மேடேறுவார்கள்.

1907-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி, ஐரிஷ் கடலில் உள்ள மான் தீவில் டி.டி. பந்தயம் முதல் முறையாக நடந்தது. ஒற்றை ஸிலிண்டர் பிரிவில் சார்லி காலியர் மாட்ச்லெஸ் வண்டியிலும், இரட்டை ஸிலிண்டர் பிரிவில் ரெம் ஃபௌலர் நார்ட்டன் வண்டியிலும் ஜயித்தார்கள். மறுவருஷமே பந்தயத்தில் மிதி கூடாது என்று விதி செய்தார்கள். 1911-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பந்தயத்தையே ஸ்னேஃபெல் மலையைச் சுற்றிப் போகும் பாதைக்கு மாற்றினார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய 37 மைல். ராம்ஸி என்ற கடற்கரை ஊரிலிருந்து கிளம்பும் சாலை 1,300 அடிக்கு மேல் ஏறி, மறுபுறம் டக்ளஸ் நகரத்துக்கு இறங்குகிறது. சமவெளிக்கு ஏற்ற கியர் வைத்தவன் மலையில் நிற்பான். மலைக்கு ஏற்ற கியர் வைத்தவன் இறக்கத்தில் பின்தங்குவான்.

அந்த வருஷம் அமெரிக்காவிலிருந்து இண்டியன் என்ற பெயருள்ள வண்டிகள் வந்தன. பெல்ட் கிடையாது, முழுக்கச் சங்கிலி. இரண்டு வேகமுள்ள கியர்பெட்டி. ஆலிவர் காட்ஃப்ரி மணிக்கு 47 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் ஓட்டி ஸீனியர் பந்தயத்தில் முதலிடம் பெற்றார். இரண்டாவது இடமும் மூன்றாவது இடமும் இண்டியனுக்கே போயின. ஊரார் வாயைப் பிளந்தார்கள்.

அதன்பிறகு ஆளுக்கொரு வித்தை. யார்க்ஷயரைச் சேர்ந்த ஆல்ஃப்ரெட் ஆங்கஸ் ஸ்காட், எஞ்சினிலிருந்து இரண்டு சங்கிலிகளை, வேறு வேறு அளவுள்ள பல்சக்கரங்களில் ஓடவிட்டார். காலால் ஒரு மிதியைச் சாய்த்தால் ஒரு சங்கிலி வேலை செய்யும். மறுபுறம் சாய்த்தால் மற்றொன்று. ஸ்காட் வண்டிகள் 1912-லும் 1913-லும் ஸீனியர் பந்தயத்தை ஜயித்தன. 1914-இல் ஸிரில் புல்லின் ஜயித்த ரட்ஜ் மல்ட்டி வண்டியோ பெல்ட்டைக் கைவிடவில்லை. எஞ்சின் பக்கத்துச் சக்கரம் விரியும்போது பின்சக்கரத்துப் பக்கம் சுருங்கும். பெல்ட் தளராமல் கியர் மாறும்.

இவர்களில் என் மனசைக் கவர்ந்தது ஜெனித் கிராடுவா என்ற வண்டி. அதன் டாங்கியின்மேல், காப்பிக்கொட்டை அரைக்கும் யந்திரத்துக் கைப்பிடி போல ஒன்று இருக்கும். அதைச் சுற்றினால் எஞ்சின் பக்கத்துச் சக்கரம் விரிந்து சுருங்கும்; பெல்ட் தளராமல் இருக்கப் பின்சக்கரமே முன்னும் பின்னும் நகரும். மலையேறும் போட்டிகளில் ஒற்றைக் கியர்க்காரர்களை அது சுலபமாகத் தோற்கடித்தது. அவர்கள் முறையிட்டார்கள், சில போட்டிகளில் ஜெனித்தைச் சேர்க்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் அழவில்லை. "தடுக்கப்பட்டது" என்ற வார்த்தையையே தங்கள் வியாபாரச் சின்னத்தில் போட்டுக்கொண்டார்கள்! இதைவிடச் சிறந்த விளம்பரத்தை எந்த எழுத்தாளனாலும் எழுதிக் கொடுக்க முடியாது.

கடைசியில் கியர்பெட்டியும் சங்கிலியும் ஊன்றி நின்றன, பெல்ட் விடைபெற்றது. அப்படியானால், கியர்பெட்டி வந்த பிறகும் பல்லை மாற்றுவானேன் என்று கேட்கலாம். கியர்பெட்டி என்பது நாலு படியுள்ள ஓர் ஏணி. ஸ்ப்ராக்கெட், அந்த ஏணியைத் தரையில் வைப்பதா திண்ணைமேல் வைப்பதா என்று தீர்மானிக்கிறது. படிகளுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. ஏணி முழுவதும் உயரும் அல்லது தாழும். பந்தயக்காரர்கள் ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தனித்தனிப் பல்சக்கரம் கொண்டுபோவது இதனால்தான். பிரான்ஸ் தேசத்தைச் சுற்றும் சைக்கிள் பந்தயத்தில் 1937 வரையில் சங்கிலி தாண்டும் கியருக்கு அநுமதி இல்லை. பின்சக்கரத்தின் இரு பக்கமும் வேறு வேறு பல்சக்கரம் பூட்டியிருப்பார்கள். மலையடிவாரத்தில் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். வேர்க்க விறுவிறுக்க வந்தவனும் அங்கே ஒரு நிமிஷம் நின்று, "எனக்கு முன்னால் இருக்கும் சாலை எப்படிப்பட்டது?" என்று யோசித்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் பக்கவண்டி பூட்டி ஓட்டுகிறவர்களுக்குக் கம்பெனிக்காரர்களே முன்பக்கம் பல் குறைந்த ஸ்ப்ராக்கெட் கொடுப்பதுண்டு. பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு வேகம் எதற்கு? இழுவைதான் வேண்டும். புல்லட்டின் தாய்வீடு ரெட்டிச் என்ற ஊர்; ஊசி செய்து பேர் வாங்கிய ஊர் அது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா ஸ்தாபனத்தை அமைத்தன. முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்தன. பிறகு இங்கேயே செய்தார்கள். ஸிலிண்டரின் அகலம் 70 மில்லிமீட்டர். உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. அகலத்தைவிட ஓட்டம் நீளமான எஞ்சின் நிதானமாகச் சுற்றி, அடியிலிருந்தே இழுக்கும். மூட்டைக்காரருக்கு ஏற்ற குதிரை.

அந்தக் குதிரைக்குத்தான் நான் 18 பல் கட்டினேன். 16-ஐ 18-ஆல் வகுத்தால் 9-இல் 8. அதாவது, முன்பு எஞ்சின் 9 சுற்றுச் சுற்றிப் போன தூரத்தை இப்போது 8 சுற்றில் போகும். ஆஹா, லாபம்! ஆனால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவையும் 9-இல் 8 பங்காகக் குறைந்துவிடும். இந்தக் கடையில் ஒரு தட்டில் போட்டால் மறுதட்டில் எடுத்துவிடுவார்கள், கொசுறு கிடையாது. தவிர, பல்லைக் கூட்டினால் உச்ச வேகமும் கூடும் என்று நிச்சயமில்லை. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நாலு மடங்காகிறது. அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய சக்தி எட்டு மடங்காகிறது. எதிர்க்காற்று அடித்த நாளில் நாலாவது கியரில் இழுக்க முடியாமல் மூன்றாவதில் போனேன். காசு கொடுத்து வாங்கிய பல் சும்மா உட்கார்ந்திருந்தது.

ஆனாலும் காற்றில்லாத காலை வேளையில் அது சொர்க்கம்தான். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, புளியமர நிழலில், எஞ்சின் மெல்லத் தாளம் போட, 70-இல் போகும்போது அப்பா இந்தச் சுகத்தை அறியாமலே போய்விட்டாரே என்று பரிதாபப்பட்டேன்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மனைவியையும் இரண்டு பைகளையும் ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பினேன். அந்தச் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் ஏறிவிட்டோம். ஒரு வளைவில் மேலிருந்து பஸ் இறங்கிற்று. ஒதுங்கி நின்றேன். பஸ் போயிற்று. முதல் கியரில் கிளட்சை விட்டேன். எஞ்சின் இருமி நின்றது. மறுபடி உதைத்தேன், கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டு முடுக்கினேன். வயசான கிளட்ச், வழுக்க ஆரம்பித்தது. கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. அப்புறம் வண்டி முன்னால் போவதற்குப் பதிலாக மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் இடுப்பு உயரக் கைப்பிடிச் சுவர். அதற்கப்பால் மரங்களின் உச்சி.

என் மனைவி குதித்துவிட்டாள். வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சாலையோரத்திலிருந்து ஒரு கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். வண்டி நின்றது. சுவருக்கு இரண்டு முழம் இருந்திருக்கும்.

பிறகு அவள் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு நடந்தாள். நான் எஞ்சினை ஓடவிட்டு, பக்கத்தில் நடந்து, தள்ளிக்கொண்டே அந்த வளைவை ஏறினேன். மிதியை விலக்கியது 1908-இல். 93 வருஷம் கழித்து நான் திரும்பவும் எஞ்சினுக்குக் கால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மெக்கானிக் முன்னால் போய் நின்றேன். அவர் கிளட்சைப் பிரித்து, கருகிய தட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"உங்க அப்பாவும் போட்டுப் பார்த்தாருங்க தம்பி," என்றார் நிதானமாக.

"என்னது?"

"பதினேழு. நீங்க பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்த காலம். மெட்ராஸுக்கு வண்டியிலேயே ஒரு தடவை போய் வரணும்னு அவருக்கு ஆசை. போட்டுக் கொடுத்தேன். எட்டு நாள் ஓட்டினாரு. மூட்டையோட ஒரு நாள் மலையிலே நின்னுட்டாரு. வந்து, பழையபடி பதினாறையே போடுன்னாரு. 'பையன் படிப்பு முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்'னு அந்தப் பல்லைத் துணியிலே சுத்தி எடுத்துக்கிட்டுப் போனாரு."

"முன்னாடியே ஏன் சொல்லலைண்ணே?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பரணில் ஏறினேன். அப்பாவின் தகரப் பெட்டியில், ரசீதுக் கட்டுகளுக்கு அடியில், கிரீஸ் பூசிய துணியில் அது இருந்தது. எண்ணிப் பார்த்தேன், 17. பற்களில் தேய்மானமே இல்லை. என் படிப்பு முடிந்த பிறகு தங்கையின் கல்யாணம் வந்திருக்கும். அதற்கப்புறம் இன்னொன்று வந்திருக்கும். 16 பல்லோடு, 16 பல்லுக்கான சாலையில், அந்த மனிதர் ஆயுசு முழுவதும் மூட்டையை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அவருக்குச் சமவெளி ஆசை இல்லை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த 17-ஐயே பூட்டச் சொன்னேன். முன்னால் ஒரு பல் கூட்டுவது, பின்னால் இரண்டுக்குச் சற்று அதிகமாகக் குறைப்பதற்குச் சமம். ஆகவே ஒரே பல் என்று அலட்சியமாக நினைக்கக் கூடாது. மெக்கானிக் இன்னொரு விஷயமும் சொன்னார். சங்கிலியில் கண்ணிகள் இரட்டைப்படை. பல் ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு பல்லும் உள்கண்ணியையும் வெளிக்கண்ணியையும் மாறி மாறிச் சந்திக்கும், தேய்மானம் சமமாக விழும். கூடவே புதுச் சங்கிலியும் போடச் சொன்னார். தேய்ந்து நீண்ட சங்கிலி புதுப் பல்லைத் தின்றுவிடுமாம்.

மூட்டை இல்லாத எனக்கு 17 போதும். சமவெளியில் 18-இன் சொர்க்கம் முழுவதும் இல்லை. முக்கால் சொர்க்கம் உண்டு. மலையில் மனைவி இறங்க வேண்டியதில்லை. முதல் தடவை அந்த வளைவைத் தாண்டும்போது அவள் என் தோளை ஒரு தட்டுத் தட்டினாள். எனக்கா அப்பாவுக்கா என்று நான் கேட்கவில்லை.

கழற்றிய 18-க்குக் கிரீஸ் பூசி, துணியில் சுற்றி, அதே தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். என் மகனுக்கு இப்போது புல்லட்டின்மேல் ஒரு கண். வண்டி ஏன் இப்படிக் கத்துகிறது, இரண்டு பல்லைக் கூட்டிப் போட்டால் என்ன என்று அவன் ஒரு நாள் கேட்பான். பெட்டி இருக்கும் இடத்தைக் காட்டிவிடுவேன். மற்றதை, அவன் மலை ஏறி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.